இளைப்பாற்றி நிலையம்

முதலில் வந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எங்கள் மேசைக்கு முன்னால் நின்று, மேலே தொங்கிய பலகையை உதட்டை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். படித்து முடித்ததும் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மசால் வடைக்கு முன்னால் இவ்வளவு பக்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பேரு சூசை" என்றார்.

"வாங்க சூசை. உட்காருங்க. என்ன வேணும்?"

"எளப்பாத்திதான்."

என் நெஞ்சு குளிர்ந்தது. நான் உண்டாக்கிய சொல்லைப் பொதுமக்களில் ஒருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. "சூடா வேணுமா, ஆத்தித் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். "எல்லாம் ஆறிப்போச்சுங்க. ஆறு மாசமாச்சு."

"என்ன ஆறு மாசம்?"

"சூசை செத்து."

எனக்குப் பின்னால் அடுப்பு முன் நின்றிருந்த டிரில் மாஸ்டர் சின்னச்சாமியின் கை அப்படியே நின்றது. தட்டிய வடை இலையிலும் இல்லாமல், எண்ணெயிலும் இல்லாமல், நடுவில் தொங்கியது. என் அன்றைய நிலையும் ஏறக்குறைய அதுதான்.

சூசை என்பது அவருடைய அண்ணன் பெயர் என்றும், தன் பெயர் சவரி என்றும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கிறார் என்றும், விடியுமுன் கிளம்பி இறங்கி வந்திருக்கிறார் என்றும் பிறகு சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். ஒன்றும் புரியாதபோது தலையாட்டுவது ஆசிரியர் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது.

ஒரு சொல் பிறந்தது

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. போடிநாயக்கனூரில் பாதிரிமார் நடத்திய ஓர் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியன். 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'காலி' எனக்கு அடிக்கடி தனியாகக் காதில் விழும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கலாம். நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, மொழிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு என்று நான் நம்பியிருந்த காலம். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கண்டக்டரிடம், "ஒரு பயணச் சீட்டு" என்பேன். முதல் வாரம் அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. இரண்டாம் வாரம், "சீட்டெல்லாம் நெறஞ்சிருச்சு, நின்னுக்கிட்டுத்தான் வரணும்" என்றார். மூன்றாம் வாரம் முதல் என்னைப் பார்த்ததும் பையைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார்.

பெரியகுளத்து வாசகர் ஒருவர், இந்தத் தொடரில் என்னைத் தவிர மற்ற எல்லோரும் புத்திசாலிகளாக இருக்கிறார்களே என்று கேட்டு எழுதியிருந்தார். இந்த வாரமும் அவருக்கு ஏமாற்றம் இருக்காது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஒரு சந்தை நடத்துவார்கள். வளைய வீச்சு, பொம்மைக் குடில், பாட்டு, மெழுகுவர்த்திக் கடை, பரிசுச் சீட்டு. பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு மாற்றுவதற்காக. ஓடு மாற்றி நான் பார்த்ததில்லை. சந்தை மட்டும் வருஷந்தோறும் நடந்தது.

தலைமையாசிரியர் அருளப்பச் சாமியார் நெட்டையான மனிதர். வார்த்தைகளைச் செலவழிக்க மாட்டார். அவர் கிறிஸ்தவ ஆசிரியர்களையெல்லாம் குடிலுக்கும் பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்த இருவர் நானும் சின்னச்சாமியும். எங்களைக் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ரிஃப்ரெஷ்மெண்ட் ஸ்டால். தமிழ்ல ஒரு போர்டு எழுதி வச்சிருங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறவர் அவர்தான். ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நான் மூன்று நாள் யோசித்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "மதுரைக்கு அனுப்பிப் படிக்க வச்சது டீ ஆத்தவா?" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆத்துறதுதான் ஆத்துற, கையைச் சுட்டுக்காம ஆத்து" என்றார்.

'சிற்றுண்டிச் சாலை' என்று எழுதலாம். ஆனால் பஸ் நிலையத்தைச் சுற்றி ஏற்கெனவே நான்கு கடைகளில் அது இருந்தது. 'பலகாரக் கடை' என்றால் பலகாரம் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைப்பார்கள். நான் இலக்கணத்திடம் போனேன். சுமையைத் தாங்குவது சுமைதாங்கி. இடியைத் தாங்குவது இடிதாங்கி. அப்படியானால் இளைப்பை ஆற்றுவது?

இளைப்பாற்றி.

எழுந்து அறைக்குள் இரண்டு முறை நடந்தேன். இப்படி ஒரு சொல் இத்தனை நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறதே என்று தமிழுக்காக இரக்கப்பட்டேன்.

பலகையும் அலங்காரமும்

சிவப்புச் சாயம் முழுவதும் வாசலில் கட்டிய நட்சத்திரத்துக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்பு. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'இளைப்பாற்றி நிலையம்' என்று நானே எழுதினேன். மொட்டையாக இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெழுகுவர்த்தி வரைந்தேன். கிறிஸ்துமஸ் அல்லவா.

மேசைக்கு விரிப்பு வேண்டும். வெள்ளைத் துணிகளையெல்லாம் குடிலில் தேவதூதர்களாக நிற்கும் பிள்ளைகளின் சம்மனசு வேஷத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாடகத் திரைச்சீலை கறுப்பில் ஒன்று கிடந்தது. விரித்தேன். ஓரங்களில் செவ்வந்திச் சரம் சுற்றினேன். நான் வெள்ளை வேட்டி, வெள்ளை முழுக்கைச் சட்டை. இடம் கொடுத்தது மைதானத்தின் மூலையில், கோவிலுக்குப் போகும் சின்ன வாசலை ஒட்டி.

பலகை காய்வதற்காக என் வகுப்பில் சுவரைப் பார்த்து இரண்டு நாள் சாத்தி வைத்திருந்தேன். அதனால் கிறிஸ்தவர் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. சனிக்கிழமைக் காலையில் தூக்கி மாட்டியபோது சின்னச்சாமி மட்டும்தான் இருந்தான். அவன் பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரன், எனக்கு மாமன் முறை வழியில் ஏதோ ஒட்டு. எட்ட நின்று பார்த்து, "அம்சமா இருக்கு மாப்ளே" என்றான்.

உண்மையில் அம்சமாகத்தான் இருந்தது. எதற்கு என்பதில்தான் தவறு.

கத்தோலிக்கர் வீட்டில் யாராவது இறந்தால் அவருக்கு 'நித்திய இளைப்பாற்றி' வேண்டித்தான் செபிப்பார்கள். துக்க வீட்டில், கல்லறையில், நவம்பர் மாதம் முழுவதும். நான் மூன்று நாள் யோசித்து உண்டாக்கிய சொல்லை எனக்கு முன்னால் பல தலைமுறை முழங்காலில் நின்று சொல்லித் தேய்த்திருக்கிறது. அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு டீயோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சவரி எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டது செபப் புத்தகத்தில். வேறு புத்தகத்தை அவர் திறந்ததில்லை. பலகையில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல்.

அந்தப் பலகை இப்போது எங்கே என்று கேட்பவர்களுக்கு: கல்லறைத் தோட்டத்து வாசலில் மாட்டினார்கள். 'நிலையம்' என்பதைக்கூட அழிக்கவில்லை. நான் எழுதியவற்றுள், போட்ட இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது அது ஒன்றுதான்.

விடைத்தாளின் பின்பக்கம்

"அண்ணே, இது டீக்கடை" என்று சவரியிடம் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் பாய்லரைப் பார்த்தார். வடைத் தட்டைப் பார்த்தார். "ஆமா. டீயும் போடுறீக. நல்லதுதான். எழுதுங்க, சூசை."

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் வாசிப்பதற்கு இறந்தவர்கள் பெயரைக் கொடுக்கத் தோட்டத்துக்காரர்களால் இறங்கி வர முடிவதில்லை. மேலே காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும், கங்காணி விடமாட்டார். அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் சாமியார் இந்த வருஷம் தனியாக மேசை போட்டு, எழுதுவதற்கு ஒரு வாத்தியாரையும் உட்கார வைத்திருக்கிறார் என்று சவரி முடிவு கட்டியிருந்தார். முடிவில் ஓட்டை எதுவும் இல்லை. என் இலக்கணத்தைவிட உறுதியாக இருந்தது.

ஒரு பெயர் எழுதினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். பையில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு இருந்தது. ஒன்றை உருவி அதன் பின்பக்கத்தில் எழுதினேன். சூசை. எழுதிய கை சும்மா இருக்காமல் எதிரே ஒரு சுழியும் போட்டது. வருகைப் பதிவேட்டில் வராதவனுக்குச் சுழி. தாமதமாக வந்து குரல் கொடுத்தால் அந்தச் சுழியின் மேலேயே ஒரு கோடு. தினமும் ஐந்து வகுப்புக்கு அதைச் செய்து பழகிய கை.

சவரி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது பன்னிரண்டு பேர் நின்றார்கள். அரை மணியில் வரிசை வளைய வீச்சுவரை நீண்டது. எல்லோரும் மலையிலிருந்து வந்தவர்கள். கம்பளியில் பனி ஈரமும், காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையும், அதற்கெல்லாம் அடியில் ஏலக்காயும் மணந்தன. ஒவ்வொருவரும் பெயர் சொன்னார்கள். அந்தோணி. ஞானப்பூ. ராயப்பன். இன்னொரு அந்தோணி. "ணி பெரிய ணியா?" என்று நான் கேட்டேன். இறந்தவர் பெயரில் எழுத்துப் பிழை வரக் கூடாது என்று அந்த நேரத்திலும் எனக்குக் கவலை.

பக்கத்துக் கடையில் மெழுகுவர்த்தி வாங்கி வந்து எங்கள் மேசையில் ஏற்றி வைத்தார்கள். அங்கே அன்று நல்ல வியாபாரம். இங்கே ஒருவரும் எதையும் தொடவில்லை. கேரளத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "சாயா உண்டோ?" என்று வாய் திறந்தார். பின்னால் நின்ற அம்மாள் அவர் விலாவில் ஒரு குத்து விட்டார். அவர் பலகையைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு தன் தாயார் பெயரைச் சொன்னார்.

போடி ஊர்க்காரர்கள் எட்ட நின்று மெழுகுவர்த்தியையும் கறுப்புத் துணியையும் பார்த்துவிட்டு, குழந்தைகளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துப் போனார்கள். முந்நூறு வடை ஆறிக்கொண்டிருந்தது. தட்டின் ஓரத்தில் மெழுகு சொட்டி உறைந்தது.

சின்னச்சாமி என் காதருகே வந்தான். "மாப்ளே, எங்கூருல யானை எறங்குச்சுன்னா தகரத்தைத் தட்டி வெரட்டிப்புடுவோம். இதுக்கு எதைத் தட்டுறது?"

"நீ வடையைத் தட்டு" என்றேன்.

இதற்கு நடுவில் கடைவீதிச் செல்லையா கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டி, தன் கடைக்கு நாலு டீ கொடுத்தனுப்பச் சொன்னார். எனக்கு அன்று கிடைத்த ஒரே உண்மையான வாடிக்கையாளர். மறந்துவிடக் கூடாதே என்று அதே தாளில், 'செல்லையா – 4' என்று எழுதி வைத்தேன்.

ஜீப்புக்காரர்

தோட்டத்து ஜீப் ஒன்று சின்ன வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றது. இருட்டுமுன் மெட்டு ஏறிவிட வேண்டும் என்று அதன் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பித் திரும்பி, "இரு அப்பு", "இந்தா ஆச்சு அப்பு", "கொஞ்சம் பொறு அப்பு" என்று சமாதானம் சொன்னார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் அப்பு என்பது பெயர் இல்லை. மகனும் அப்பு, தம்பியும் அப்பு, முன்பின் தெரியாத ஆளும் அப்பு. சில வீடுகளில் கன்றுக்குட்டியும் அப்பு. கூப்பிடும்போது மனம் கொஞ்சம் இளகியிருந்தால் போதும்.

டிரைவர் கடைசியில் ஓய்ந்து, முன்சீட்டில் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

வரிசை தேய்ந்து தீர்ந்தது. பெயர் கொடுத்தவர்கள் போகாமல், தாங்கள் ஏற்றிய மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். வெயில் சாய்ந்து மலை நிழல் மைதானத்தில் பாதிவரை வந்துவிட்டது. எழுதுகிறவன் கை வலிக்கிறது என்று நான் பேனாவை மூடும்போதுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். அவள் வரிசையில் நிற்கவே இல்லை. வெகு நேரமாகக் கோவில் வாசல் தூணை ஒட்டி நின்றிருந்தாள். இருபது வயது இருக்கலாம். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. அவள் புருஷன் சற்றுத் தள்ளி நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேசைக்கு வந்தாள்.

"பேரு சொல்லும்மா."

"பேரு வைக்கல சார்."

பதிவேட்டில் பெயரில்லாமல் எழுத முடியாது. அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. "எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"எட்டு நாளு. ஆடி மழையில."

பிறந்த எட்டாம் நாள் பிள்ளை போய்விட்டான். ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆகாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வைப்பதில்லையாம். சுவருக்கு வெளியே, வேலி ஓரமாக வைத்திருந்தார்கள். கோவிலில் பெயர் கொடுக்கக் கேட்டபோது, பெயரே இல்லாத பிள்ளைக்கு என்ன பெயர் கொடுப்பாய் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அவர் பொல்லாதவர் இல்லை, விதியைச் சொன்னார் என்றும் அவளே சொன்னாள்.

"வீட்டுல என்னன்னு கூப்பிட்டீங்க?" என்றேன்.

"அப்புன்னு."

எழுதினேன். அப்பு. எதிரே சுழி.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளைத் தன் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, எது என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டாள். "இதைச் சாமியார் வாசிப்பாருல்ல சார்?"

அதுவரை அந்தத் தாளை நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே ஒரு யோசனை இருந்தது. அமைதியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி ராசிங்காபுரம் போய், ஜனவரியில் வேறு வேலை தேடுவது. இப்போது அது முடியாது.

"வாசிப்பாரும்மா" என்றேன். நான் அந்தப் பள்ளியில் சொன்ன முதல் பொய் அது இல்லை. ஆனால் மெய்யாக வேண்டும் என்று நான் விரும்பிய முதல் பொய் அதுதான்.

இலக்கணம் சரி

அருளப்பச் சாமியார் காலையிலிருந்து ஊரில் இல்லை. மலைமேல் சிற்றாலயத்தில் பூசை வைக்கப் போயிருந்தார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சின்ன வாசல் வழியாக உள்ளே வந்தபோது கண்டது: கறுப்பு மேசை, நாற்பது மெழுகுவர்த்தி, அவற்றின் நடுவே முந்நூறு வடை, சுற்றிலும் தலையில் முக்காடு போட்ட கூட்டம், பலகைக்கு அடியில் வெள்ளை உடையில் நான்.

சைக்கிளைச் சாத்தினார். பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சாமி."

"இளைப்பை ஆற்றுவது."

"ஆமா சாமி."

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

தாளை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் நின்றார். "செல்லையா நாலு. ஒரே பேர்ல நாலு பேரா?"

"இல்ல சாமி. நாலு டீ."

"செல்லையா?"

"உயிரோடதான் இருக்கார். டீதான் இன்னும் போகல."

அவர் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். தொடர்ந்து வாசித்தார். அடியில் வந்து மறுபடியும் நின்றார். "அப்புன்னா? ஞானஸ்நானப் பேரு என்ன?"

சின்னச்சாமி பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஞானஸ்நானம் ஆகல சாமி" என்று பாக்கியமே முன்னால் வந்து சொன்னாள். "ஆடியில சொல்லி அனுப்புனோம். ரோடு சரிஞ்சிருச்சு. நீங்க அடிவாரத்துல முந்தல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய்ட்டீகன்னு சொன்னாக."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்ததைப் பார்க்க முடிந்தது. மலைச் சரிவுக்கு இந்தப் பக்கம் மழையில் நின்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிய நாள்.

"உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுக்கலாமே. பக்கத்துல ஒருத்தரும் இல்லியா?"

"தூங்குறான்னு நெனச்சோம் சாமி."

ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்து வடையில் விழுந்து அணைந்தது.

"பூசையில வாசிக்க முடியாதும்மா" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது.

"தெரியும் சாமி. உபதேசியார் சொன்னாரு. இங்க கோயிலுக்குள்ள இல்லாம வெளிய தனியா மேசை போட்டிருக்காகன்னு சவரி மாமா சொன்னாரு. அதான், வெளிய இருக்கிற பிள்ளைகளுக்கா இருக்கும்னு வந்தேன்."

நான் மூன்று நாள் யோசித்து உண்டாக்கிய சொல்லுக்கு அவள் ஒரு நிமிஷத்தில் அதைவிட நல்ல பொருள் கண்டுபிடித்துவிட்டாள்.

சாமியார் என் பக்கம் திரும்பினார். வகுப்பு மேற்பார்வைக்கு வரும்போது வைத்திருக்கும் அதே முகம்.

"சார், இது என்ன?"

"இளைப்பாற்றி நிலையம் சாமி."

"கோயிலா, கடையா?"

"கடை சாமி."

"பூசைன்னா சட்டம் இருக்கு. கடைக்கு என்ன சட்டம்? வந்து கேட்டவுங்களுக்கு இல்லைன்னு சொல்லலாமா?"

"சொல்லக்கூடாது சாமி."

"பெஞ்சைக் கொண்டாங்க" என்றார்.

வாசிப்பு

பெஞ்சின் மேல் ஏறி நின்று வாசித்தார். அவருக்குப் பிரசங்கக் குரல், ஒலிபெருக்கி தேவையில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் பாட்டுக் குழு நின்றுவிட்டது. வளையம் வீசியவர்கள் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கூட்டம் ஒரே முனகலாகப் பதில் சொல்லிற்று. சூசை. அந்தோணி. ஞானப்பூ. மற்ற அந்தோணி. செல்லையா இல்லை.

கடைசிப் பெயருக்கு வந்தார். நான் பாக்கியத்தைப் பார்க்கவில்லை. அவள் புருஷன் செருப்பிலிருந்து கண்ணை எடுத்திருந்தான்.

சாமியார் மூச்சை இழுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "அப்பு."

புளியமரத்தடியில் ஜீப்புக்குள்ளிருந்து, துண்டு முகத்திலிருந்து நழுவ, டிரைவர் அடித்துப் பிடித்து எழுந்தார்.

"இந்தா வந்துட்டேன்" என்றார்.

மைதானம் முழுவதும் கேட்டது. டிரைவர் ஜீப்பிலிருந்து காலைக் கீழே வைத்தவர், கூட்டத்தையும் மெழுகுவர்த்திகளையும் பார்த்து, தான் செய்த குற்றம் என்ன என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

முதலில் சிரித்தது பாக்கியம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அது சிரிப்பாகவே எவ்வளவு நேரம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. புருஷன் வந்து பக்கத்தில் நின்றான். அதற்குப் பிறகு கூட்டமும் சிரித்தது. பெஞ்சின் மேல் நின்ற சாமியார் மட்டும் சிரிக்காமல், கண்ணாடியைத் துடைத்து, செபத்தை முடித்துச் சிலுவை போட்டார்.

பெயர் சொல்லி முடித்தால் இறந்தவர்கள் பேரால் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எனக்கு அதுவும் தெரியாது. கால் மணி நேரத்தில் முந்நூறு வடையும் போயிற்று. மெழுகு ஒட்டியதைக் கூடச் சுரண்டிவிட்டுத் தின்றார்கள். சின்னச்சாமி புதிதாக மாவு அரைக்க வழியில்லாமல், பன்னைப் பிய்த்துக் கொடுத்தான். டிரைவருக்குப் பாக்கியமே ஒரு கிளாஸ் டீயும் இரண்டு வடையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சாப்பிடு அப்பு" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

செல்லையாவின் நாலு டீ கடைசிவரை போகவில்லை. அந்தக் கோபம் அவருக்குப் பல வருஷம் இருந்தது. அவர் பெயர் எந்தத் தாளில் இருந்தது என்று நான் அவரிடம் சொன்னதில்லை.

ஜனவரியில் என் வேலையை நீட்டித்தார்கள். தமிழோடு பூகோளமும் கொடுத்தார் சாமியார். பூகோளத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது, நீங்கள் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியதில்லை என்றார்.

அன்று கிளம்பும்போது தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். முன்பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய விடை. அதைத் திருத்தியாக வேண்டுமே. பஸ்ஸில் அன்று கண்டக்டர் கேட்காமலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நானும், "டிக்கெட்டுக்கு நன்றி" என்றேன். அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜன்னலோரம் இருந்த வெளிச்சத்தில் தாளை விரித்தேன். வரிசையாகச் சுழிகள். பேனாவைத் திறந்து, பஸ் ஒரு நிறுத்தத்தில் நிற்கும்வரை காத்திருந்து, கடைசிப் பெயருக்கு எதிரே இருந்த சுழியின் மேல் ஒரு கோடு போட்டேன்.